ஒன்பதுக்கு ஒன்பது தூண் காணுமோ? – வலிகாமத்து மண்ணும் தூணின் பிடிமானமும்



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இலக்கியமோ சமயமோ பேசுவது நம்மிடையே வழக்கம். ஒரு கட்டமைப்புப் பொறியியலாளனை அழைத்து, இந்த நீர்வேலி ஊருக்குப் பயன்படும்படி ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகவே, என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வியையே இன்றைய பேச்சின் பொருளாக எடுத்துக்கொண்டேன். ரொறன்ரோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ தொலைபேசி வரும். ஊரில் வீட்டு வேலை நடக்கிறது. "தம்பி, மேசன் ஒன்பதுக்கு ஒன்பது தூண்தான் போடுறார். நாலு பன்னிரண்டு கம்பி. காணுமோ?"

காணும் என்றோ காணாது என்றோ ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாது. நான் திருப்பி நான்கு கேள்வி கேட்பேன். தூண் எவ்வளவு உயரம்? அதன் தலையையும் காலையும் எது பிடித்துக்கொண்டிருக்கிறது? மேலே எவ்வளவு பாரம்? கீழே என்ன மண்? மறுமுனையில் இருப்பவருக்கு முதற்கேள்விக்குப் பதில் தெரியும். மூன்றாவதை ஓரளவு ஊகிப்பார். இரண்டாவதும் நான்காவதும் அவர் யோசித்தே இராதவை. கட்டடங்கள் பழுதாவதும் பெரும்பாலும் அந்த இரண்டு இடங்களில்தான்.

நான் இன்று சொல்ல வந்தது இதுதான். தூணின் பலம் தூணுக்குள் மட்டும் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டிருப்பவற்றிலும் இருக்கிறது. கீழ்ப்பக்கத்தில் அதைப் பிடிப்பது அத்திவாரம், அத்திவாரத்தைப் பிடிப்பது மண். தூணை ஒருவர் கணக்கிட, அத்திவாரத்தை இன்னொருவர் கண்மதிப்பில் தீர்மானிப்பது நம் ஊர் நடைமுறை. உண்மையில் இரண்டும் ஒரே கணக்கு.

நசிவதும் நெளிவதும்

பாரம் தாங்கும் தூண் இரண்டு விதமாகத் தோற்கலாம். ஒன்று, பாரம் தாங்காமல் நசிந்து உடைவது. கட்டையான, பருத்த தூண் அப்படித்தான் தோற்கும். மற்றது, கொங்கிறீற்று நசியும் அளவுக்குப் பாரம் வருவதற்கு முன்பே தூண் பக்கவாட்டில் வளைந்து ஒடிவது. இதை நெளிவு என்கிறோம். மெலிந்து உயர்ந்த தூணுக்கு இந்த ஆபத்து அதிகம்.

நீர்வேலியில் இதை விளக்குவது எளிது. குலை தள்ளிய வாழைக்கு முண்டு கொடுக்காத தோட்டக்காரர் இங்கே இல்லை. வாழையின் தண்டு குலையின் பாரத்தால் நசிந்து விழுவதில்லை, சரிந்துதான் விழுகிறது. நீங்கள் கொடுக்கும் முண்டு குலையின் பாரத்தில் பெரும்பங்கைச் சுமப்பதும் இல்லை. கழுத்துப் பக்கம் விலகாமல் பிடிக்கிறது, அவ்வளவுதான். அந்தச் சிறு பிடியில் பெரிய குலை நிற்கிறது.

இதை முதலில் அளந்து பார்த்தவர் ஒல்லாந்து அறிஞர் முஷன்புறூக். மெல்லிய மரத்தடிகளை நெருக்கிச் சோதித்து, நீளம் இரட்டித்தால் தாங்கும் பாரம் நாலில் ஒன்றாகக் குறைகிறது என்று 1729 இல் எழுதினார். அதற்கான கணிதத்தை 1744 இல் தந்தவர் லெயோனார்ட் ஒயிலர். அவருடைய சூத்திரத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பொருள் எவ்வளவு பாரத்தில் உடையும் என்ற அளவு அதில் எங்குமே இல்லை. பொருளின் விறைப்பு, குறுக்குவெட்டின் வடிவம், உயரத்தின் வர்க்கம், முனைகள் பிடிக்கப்பட்ட விதம் ஆகிய நான்கே அதில் உண்டு. உடையாத பொருளில் செய்தாலும் மெலிந்த தூண் நெளியும் என்பது இதன் கருத்து.

முனைகளின் பங்கைப் பாருங்கள். ஒரே தூண், ஒரே உயரம். தலையும் காலும் விலகாமல், ஆனால் திரும்பக்கூடியதாக இருந்தால் அது தாங்கும் பாரத்தை ஒன்று என்று வைப்போம். இரு முனைகளும் திரும்பவும் முடியாதபடி இறுகியிருந்தால் நாலு. கால் இறுகி, தலை எதிலும் பிடிபடாமல் ஆடக்கூடியதாக நின்றால் கால் பங்கு. நாலுக்கும் காலுக்கும் இடையில் பதினாறு மடங்கு. ஒரு கம்பி கூட்டவில்லை, ஒரு மூட்டைச் சீமெந்து குறைக்கவில்லை. பிடிமானம் மாறியது மட்டுமே. "காணுமோ?" என்ற கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லாததன் காரணம் இந்தப் பதினாறு மடங்குதான்.

கியூபெக் பாலம்

பிடிமானம் பிழைத்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பொறியியல் மாணவர் எல்லோரும் படிக்கும் கதை கனடாவின் கியூபெக் பாலம். சென் லோறன்ஸ் ஆற்றுக்குக் குறுக்கே 1,800 அடி நடுத் தாவல் கொண்ட உருக்குப் பாலமாக அது எழுந்துகொண்டிருந்தது. முதலில் 1,600 அடி என்று திட்டமிட்டுப் பிறகு 1,800 ஆக்கினார்கள். நீட்டியபோது பாலத்தின் சொந்தப் பாரத்தைத் திரும்பச் சரியாகக் கணக்கிடவில்லை.

பாலத்தின் கீழ்ப்பக்கத்தில், கரையோரத் தூபிக்கு அருகே, நெருக்கும் விசையைச் சுமந்த பெரிய உறுப்புகள் இருந்தன. தூணைப் படுக்கவைத்தால் எப்படியோ அப்படி. ஒவ்வொன்றும் பல தகடுகளை அருகருகே வைத்து, குறுக்குச் சட்டங்களால் பின்னிக் கட்டியது. 1907 ஓகஸ்டில் அவற்றில் ஒன்று நேர்கோட்டிலிருந்து விலகியிருப்பதைத் தளத்திலிருந்த இளம் பொறியியலாளர் நோர்மன் மக்லூர் அளந்தார். முக்கால் அங்குலமாக இருந்த விலகல் இரண்டே வாரத்தில் இரண்டு அங்குலத்தைத் தாண்டியது. தொழிற்சாலையிலேயே வளைந்து வந்திருக்கும் என்று சிலர் வாதிட்டார்கள். மக்லூர் ஆலோசகரான தியோடர் கூப்பரைக் காண நியூயோர்க் போனார். கூப்பர் நிலைமையைப் புரிந்துகொண்டு, பாலத்தில் இனிப் பாரம் ஏற்றக்கூடாது என்று தந்தி கொடுத்தார். அந்தத் தந்தி போனது பென்சில்வேனியாவிலிருந்த தொழிற்சாலைக்கு. பாலத்தில் வேலை நின்றபாடில்லை. அன்று, ஓகஸ்ட் 29 மாலை, வேலை முடியும் நேரத்தில் பாலம் விழுந்தது. 75 தொழிலாளர் இறந்தனர். அவர்களில் 33 பேர் கானவாகே ஊரைச் சேர்ந்த மோஹாக் பழங்குடியினர்.

விசாரணை ஆணைக்குழு கண்ட குறை எது? தடித்த தகடுகளை ஒன்றாகப் பின்னியிருந்த குறுக்குச் சட்டங்கள் போதாது என்பது. தகடு பெரியது, பின்னல் மெலிந்தது. பின்னல் அறுந்ததும் தகடுகள் தனித்தனியே நெளிந்தன.

ஒயிலரின் கணக்கில் இன்னொரு பாடம் உண்டு. தூண் நெளியும் எல்லைப் பாரத்தில் பாதியைச் சுமக்கும்போது, அதில் ஏற்கெனவே இருந்த சிறு வளைவு இரு மடங்காகும். பத்தில் ஒன்பது பங்கைச் சுமக்கும்போது பத்து மடங்காகும். கூடிக்கொண்டே போகும் வளைவைக் கண்டால் அளவெடுத்து எழுதிவைத்து, பாரம் ஏற்றுவதை நிறுத்த வேண்டும். எப்போது வளைந்தது என்ற வாதத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

நம் வீட்டுத் தூண்

கியூபெக்கிலிருந்து பருத்தித்துறை வீதிக்கு வருவோம். நம் நாட்டுப் பொறியியலாளர் நீண்ட காலம் பின்பற்றிய பிரித்தானிய நியமம் பிஎஸ் 8110. அதன்படி, கட்டடத்தின் பக்க ஆட்டத்தைச் சுவர்கள் தடுக்குமானால், தூணின் செயல்படும் உயரம் அதன் தடிப்பின் 15 மடங்குக்குள் இருக்கும்வரை நெளிவுக்கென்று தனிக்கணக்குத் தேவையில்லை. சுவர் தடுக்காவிட்டால் அந்த எல்லை 10 மடங்கு.

ஒன்பது அங்குலத் தூணுக்கு 15 மடங்கு என்றால் பதினொன்றேகால் அடி, 10 மடங்கு என்றால் ஏழரை அடி. பத்தடி உயரத் தூணை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பக்கமும் அறைச்சுவர் எழுப்பிய வீட்டில் அது கட்டைத் தூண். கீழே கடை, மேலே வீடு என்று கட்டி, கடைக்கு இடம் வேண்டுமென்று கீழ்ச்சுவர்களை விட்டுவிட்டால் அதே தூண் மெலிந்த தூணாகிவிடுகிறது. கட்டி முடித்த வீட்டில் சுவரை இடித்து விறாந்தையைப் பெரிதாக்குபவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். பாரம் தாங்காத சுவர்தானே என்பார்கள். அது பாரம் தாங்கியிராது, ஆனால் தூணைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கும்.

இப்போது நாம் காணும் புது வீடுகளில் முன்பக்கம் இரண்டு மாடி உயரத்துக்குப் போட்டிக்கோத் தூண் எழுகிறது. இருபது அடி. ஒன்பது அங்குலம் என்றால் தடிப்பின் கிட்டத்தட்ட 27 மடங்கு. தலைப்பகுதி வீட்டின் தட்டோடு இறுகப் பிணைந்திருந்தால் சமாளிக்கலாம். அப்படி இல்லாமல் போட்டிக்கோ தனியாக நின்றால், தூணின் செயல்படும் உயரம் இரட்டித்து 53 மடங்குக்குப் போய்விடும். அங்கே காற்றுத் தள்ளும் சிறு விலகலையும் பாரம் பெருக்கிவிடும். இதற்குத் தீர்வு மலிவானது. முதல் மாடி மட்டத்தில் ஒரு குறுக்கு பீமைப் போட்டு அந்தத் தூணை வீட்டோடு கட்டுங்கள், உயரம் பாதியாகும். பார்வைக்கு அழகில்லை என்றால் தூணைப் பருமனாக்குங்கள். ஆனால் ஒன்பது அங்குலத் தூணுக்கு மேல் சாந்து பூசிப் பதினைந்து அங்குலமாகக் காட்டினால் அது கண்ணுக்குப் பருத்த தூண், கணக்குக்கு ஒன்பது அங்குலம்தான். நம் பழைய நாற்சார் வீட்டு முற்றத்துத் தூண்கள் கட்டையாக, கூரையை மட்டும் சுமந்து நின்றவை. அந்த அனுபவத்தில் வந்த கண்மதிப்பு இருபதடித் தூணுக்குப் பொருந்தாது.

தூணுக்குள்ளும் தூண் உண்டு. நெடுக்காகப் போகும் ஒவ்வொரு கம்பியும் தானே ஒரு மெலிந்த தூண். அதை நெளியவிடாமல் பிடிப்பவை குறுக்கே கட்டும் வளையங்கள், நம் மேசன்மார் றிங் என்பவை. கியூபெக் பாலத்தில் குறுக்குச் சட்டம் செய்த அதே வேலை. வளையங்களுக்கிடையே உள்ள தூரம் மெல்லிய நெடுங்கம்பியின் தடிப்பைப்போல 12 மடங்கைத் தாண்டக்கூடாது என்கிறது நியமம். 12 மி.மீ. கம்பிக்கு அது 144 மி.மீ., அதாவது ஆறு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு அடிக்கு ஒன்று என்று கட்டினால், கம்பியின் பிடிபடாத நீளம் இரட்டிப்புக்கு மேல் ஆகிவிடும். கம்பி கட்டியதும், பலகை அடிப்பதற்கு முன், ஒரு நாடாவைக் கொண்டுபோய் வளையங்களின் இடைவெளியை அளந்து பாருங்கள். அதற்குப் பொறியியல் பட்டம் வேண்டாம். தூணின் காலடியிலும் தலைப்பகுதியிலும் குறிப்பாகப் பாருங்கள். எட்டிக் கட்டக் கஷ்டமான இடங்கள் அவைதான்.

இன்னொரு தூணைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. தட்டுக்குக் கொங்கிறீற்றுப் போடும்போது பலகைக்கு அடியில் நிற்கும் முட்டு. கார்த்திகை மாதத்து வேலைத்தலம் ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். மேலே பலகை, கம்பி எல்லாம் தயார், கொங்கிறீற்றுக் கலவை இயந்திரம் ஓடத் தொடங்கிவிட்டது. கீழே பத்தடி உயரத்துக்கு மரக்கம்புகளும் இரும்பு ஜக்குகளும் காடாக நிற்கின்றன. இரவு மழை பெய்திருக்கிறது. சில கம்புகளின் அடி நேரே செம்மண்ணில். சிலவற்றுக்கு அடியில் ஒரு சீமெந்துக்கல், அதுவும் சரிந்து. ஒரு கம்பு குட்டையாகிப்போனதால் அதன் கீழே இரண்டு பலகைத் துண்டுகளை அடுக்கி ஆப்பு அடித்திருக்கிறார்கள். கம்புகளுக்கிடையே குறுக்குக் கட்டு ஒன்றுகூட இல்லை. ஈரக் கொங்கிறீற்றும் ஆட்களும் சேர்ந்து மேலே ஏறப்போகிற நேரம் இது. அந்தக் கம்புகளை நடு உயரத்தில் இரண்டு திசையிலும் குறுக்குக் கம்பு வைத்துக் கட்டினால், நெளிவு எல்லை நாலு மடங்காகும். அடியில் நீளப் பலகை போட்டால் பாரம் மண்ணில் பரவும். பேசவந்த இரண்டு விடயங்களும், அத்திவாரமும் நெளிவும், ஒரு முட்டுக் கம்பிலேயே இருக்கின்றன. தட்டுப் போடும் நாளில் வீட்டுக்காரர் மேலே நின்று பார்ப்பார். அவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் கீழே.

காலடியில் என்ன இருக்கிறது?

இனி மண். ஒரு தூணின் கால் இறுகியிருக்கிறது என்று படத்தில் வரைவது சுலபம். அடியில் உள்ள மண் இணங்கினால் அத்திவாரத் தளம் திரும்பும், தளம் திரும்பினால் தூணின் கால் இறுகிய முனை அல்ல. நான் முன்பு சொன்ன நாலு, ஒன்று, கால் என்ற கணக்கில் உங்கள் தூண் எங்கே நிற்கிறது என்பதை மண்தான் தீர்மானிக்கிறது.

நீர்வேலியின் மண் ஒரே மாதிரியானது அல்ல. பருத்தித்துறை வீதிக்கு மேற்கே வாழைத் தோட்டப் பக்கம் செம்மண், அதன் கீழே சுண்ணாம்புக்கல். கிழக்கே உப்பாற்றுக் கடனீரேரிப் பக்கம் தரவை நிலம் தாழ்ந்துகொண்டே போகிறது. மாரியில் நிலநீர் மேலே வந்துவிடும், உப்பின் தாக்கமும் உண்டு. ஒரே ஊரில் இரண்டு வீடுகளுக்கு ஒரே அத்திவாரம் பொருந்தாது. சில வளவுகளில் ஒரு மூலையில் மூன்றடியில் கல் தட்டும், அடுத்த மூலையில் ஆறடியிலும் தட்டாது. வீட்டின் பாதி கல்லிலும் பாதி மண்ணிலும் இருந்தால் மண்ணில் இருக்கும் பாதி கூடுதலாக இறங்கும். சுவரில் சாய்வாக வெடிப்பு வரும். எல்லாமே சமமாக இறங்கினால் வீட்டுக்குப் பெரிய கேடில்லை. இறக்கத்தில் வரும் வேறுபாடுதான் கேடு.

நம் குடாநாட்டின் அடியில் இருப்பது மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். காங்கேசன்துறையில் 1950 இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலைக்கு மூலப்பொருளாக இருந்ததும் இந்தக் கல்தான். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு இறங்கும்போது மென்மையான அமிலமாகி, கல்லின் வெடிப்புகளைக் காலங்காலமாக அரித்துக் குகைகளாக்குகிறது. குகையின் கூரை விழுந்தால் மேலே பள்ளம் தோன்றும். புத்தூருக்கு அருகே நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணறு அப்படி உருவானது. மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீருமாக நிற்கும் அந்தக் கிணற்றைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். வீடு கட்டுபவர்களும் போய்ப் பார்க்க வேண்டும். "கல் தட்டிவிட்டது, இனிப் பயமில்லை" என்ற பேச்சுக்கு அது பதில்.

அத்திவாரக் குழியில் கல் தட்டியதும் என்ன செய்யலாம்? துடைத்துச் சுத்தமாக்கி, அலவாங்கின் தலையால் இடம் இடமாகத் தட்டிக் கேளுங்கள். உள்ளே வெறுமையாக இருக்கும் இடத்தில் சத்தம் வேறுபடும். அதோடு நின்றுவிட வேண்டாம். ஐந்தடிச் சதுரத் தளத்தின் அழுத்தம் ஐந்தடி ஆழத்தில் மூன்றில் ஒரு பங்காகவும், பத்தடி ஆழத்தில் பத்தில் ஒரு பங்காகவும் இருக்கிறது. ஆகவே குறைந்தது தளத்தின் அகலமளவு ஆழத்துக்காவது துளை போட்டுப் பார்ப்பது நல்லது. மாடி வீட்டில் பாரம் கூடிய தூண்களின் கீழே இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். வீட்டுச் செலவோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை.

மனிதர் தோண்டிய குழிகளும் உண்டு. தூர்த்த கிணறு, பழைய மலகூடக் குழி, போர்க்காலத்தில் வளவுக்குள் வெட்டிய பங்கர். திரும்பி வந்தவர்கள் அவற்றை மண் போட்டு மூடினார்கள். இறுக்கி மூடியவர்கள் குறைவு. வளவை விற்றவருக்கு அந்த இடம் தெரியும், வாங்கியவருக்குத் தெரியாது. காணி வாங்கும்போது உறுதியையும் எல்லையையும் விசாரிக்கிறோம். கிணறும் பங்கரும் எங்கே இருந்தன என்பதையும் அயலாரிடம் விசாரியுங்கள்.

இனி ஒரு கணக்கு. பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி பரப்பை ஒரு நடுத்தூண் சுமக்கிறது என்று வையுங்கள். ஐந்தங்குலக் கொங்கிறீற்றுத் தட்டு, பீம், சுவர், தரைப்பூச்சு, ஆட்கள், தளபாடம் எல்லாம் சேர்த்துச் சதுர மீற்றருக்கு ஒரு தொன் என்று கணக்கிட்டால், ஒரு தட்டுக்குப் பதின்மூன்றரைத் தொன். மேல்மாடியும் அதன் கொங்கிறீற்றுக் கூரையுமாக இரண்டு தட்டுகள் என்றால் 27 தொன். மண் சதுர அடிக்கு ஒரு தொன் பாதுகாப்பாகத் தாங்கும் என்று எடுத்துக்கொண்டால், 27 சதுர அடித் தளம் வேண்டும். அது ஐந்தேகால் அடிச் சதுரம். வழக்கமாக வெட்டும் மூன்றடிச் சதுரக் குழியில் ஒன்பது சதுர அடிதான் உண்டு. அங்கே மண்ணின் தலையில் சதுர அடிக்கு மூன்று தொன் ஏறுகிறது. நல்ல கல்லில் நின்றால் அது பரவாயில்லை. தளர்ந்த மண்ணில் நின்றால் வீடு கட்டி முடிந்த முதல் மாரியிலேயே தெரியும்.

துரைராசா காட்டிய மண்

மண்ணைக் கண்மதிப்பிலிருந்து அறிவியலுக்குக் கொண்டுவந்தவர்களில் நம் மண்ணில் பிறந்த ஒருவரும் உண்டு. பேராசிரியர் அழகையா துரைராசா. வடமராட்சியில் பிறந்து, பேராதனைப் பொறியியல் பீடத்தில் கற்பித்து, 1988 முதல் 1994 வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர் என்று நாம் அறிவோம். கேம்பிறிட்ஜில் அவர் செய்த ஆய்வைப் பற்றி நம்மிடையே பேசுவது குறைவு. கென்னத் றொஸ்கோ, அன்ட்றூ ஸ்கோபீல்ட் ஆகியோருடன் சேர்ந்து அவர் 1963 இல் ஜியோடெக்னிக் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை, களிமண் எப்போது இணங்கத் தொடங்குகிறது என்பதைப் பற்றியது. உலகெங்கும் மண்பொறியியல் மாணவர்கள் இன்று படிக்கும் மாறுநிலை மண்ணியக்கவியலுக்கு அது அடிப்படைகளுள் ஒன்று.

அதன் சாரத்தை வீடு கட்டுபவருக்குச் சொல்வதானால் இப்படிச் சொல்லலாம். மண் என்பது துகள்களும் அவற்றிடையே நீரும். பாரம் ஏற்றும்போது மண்ணின் கொள்ளளவும் மாறுகிறது, பலமும் மாறுகிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. ஈரம் மிகுந்த, தளர்ந்த களிமண் நெருக்கினால் சுருங்கப் பார்க்கும். நீர் வெளியேற நேரம் கொடுத்தால் அது இறுகிப் பலம் பெறும். நேரம் கொடுக்காமல் பாரம் ஏற்றினால் அந்தப் பாரத்தை நீர் ஏற்கும். துகள்கள் ஒன்றையொன்று பற்றும் பிடி தளரும்.

கனடாவின் மனிற்றோபா மாகாணத்தில் திரான்ஸ்கோனா என்ற இடத்தில் 1913 ஒக்ரோபரில் இதுதான் நடந்தது. புதிதாகக் கட்டிய தானியக் களஞ்சியத்தில் கோதுமையை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் கட்டடம் ஏறக்குறைய ஓரடி இறங்கியது. பிறகு சரியத் தொடங்கி, ஒரு நாளுக்குள் ஏறத்தாழ 27 பாகை சாய்ந்து நின்றது. கொங்கிறீற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்னர் அதை நிமிர்த்தி, அடியில் பாறைவரை தூண் இறக்கித் திரும்பப் பயன்படுத்தினார்கள். பிழை மண்ணில் இருந்தது. மேலே இறுகிய களி, அதைச் சோதித்துத் திருப்திப்பட்டுவிட்டார்கள். அதன் கீழே மென்களி. மேல்மண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் வழக்கம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல என்பது இதிலிருந்து தெரியும்.

பிறகு மேல்மாடி போடலாம்

நம் ஊர்க் கூரைகளில் தூண்கம்பி வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கிறோம். மகன் வெளிநாட்டிலிருந்து வந்ததும், அல்லது மகளுக்குச் சீதனமாக, மேல்மாடி போடலாம் என்ற எண்ணம். எண்ணத்தில் தவறில்லை. ஆனால் நீட்டி வைத்த கம்பி ஒரு விருப்பத்தைக் காட்டுகிறதே தவிர, கீழுள்ள தூணும் தளமும் அந்தப் பாரத்துக்குக் கணக்கிடப்பட்டவை என்பதைக் காட்டுவதில்லை. நான் சொன்ன தூணில் மூன்றாவது தட்டும் ஏறினால் பாரம் 40 தொன். தளம் ஆறேகால் அடிச் சதுரத்துக்கு மேல் வேண்டும். தரம் 20 கொங்கிறீற்றும் நாலு 12 மி.மீ. கம்பியும் கொண்ட ஒன்பது அங்குலத் தூண், கட்டைத் தூணாக இருந்தாலே, பாதுகாப்பாகச் சுமப்பது 30 தொன் அளவுதான். இரண்டு தட்டுக்குக் காணும், மூன்றுக்குக் காணாது. தொலைபேசிக் கேள்விக்கு இப்போது ஓரளவு பதில் வந்துவிட்டது.

தூண் போதாமற்போனால் என்ன நடக்கும் என்பதைச் சென்னை கண்டது. 2014 ஜூன் 28 மாலை, மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் தரையோடு விழுந்து 61 பேர் இறந்தனர். மழையும் இடியும் இருந்த நேரம், மின்னல் தாக்கியதால் விழுந்தது என்று முதலில் சொல்லப்பட்டது. விசாரணையில் வெளிப்பட்டது கட்டமைப்பு வடிவமைப்பின் குறை, முக்கியமாகத் தூண்களின் போதாமை. பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலானோர் கூலி வேலைக்கு வந்தவர்கள். கட்டடம் விழுந்தால் முதலில் சாவது அதைக் கட்டுபவர்கள். கியூபெக்கிலும் அப்படியே.

கட்டி முடித்த வீட்டுக்கு மேல்மாடி வேண்டுமென்றால், ஒரு தூணின் காலடியைத் தோண்டித் தளத்தின் அகலத்தை அளக்கச் சொல்லுங்கள். வெளியே நீட்டிய கம்பியில் துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று சுரண்டிப் பாருங்கள். கடற்கரை மணலையோ உவர் நீரையோ கலந்து கட்டிய தூணானால் உள்ளேயும் துரு இருக்கலாம். துருப்பிடித்த கம்பி பருத்துக் கொங்கிறீற்றை வெடிக்கச் செய்யும். தூணின் நெடுக்கே ஓடும் வெடிப்பு அதன் அடையாளம். மண்ணுக்குள் போகும் பகுதியில் கம்பிக்கு வெளியே கொங்கிறீற்று மறைப்புப் போதிய அளவு இருக்க வேண்டும். நேரே மண்ணின்மேல் கொங்கிறீற்றுக் கொட்டினால் 75 மி.மீ., கீழே மெல்லிய கொங்கிறீற்றுப் படுகை போட்டிருந்தால் 40 மி.மீ. என்பது பிஎஸ் 8110 தரும் அளவு.

இந்த ஊர் செய்யக்கூடிய ஒன்று

பிரதேச சபையில் வரைபடத்துக்கு அனுமதி பெறுவது சட்டத் தேவை. குழிக்குள் இறங்கிப் பார்ப்பதற்கு அது மாற்றாகாது. ஒரு மாடிக்கு மேல் கட்டுபவர்கள் ஒரு பட்டயப் பொறியியலாளரை வீட்டுக்கு இரண்டு தடவையாவது அழையுங்கள். முதல் தடவை, அத்திவாரக் குழி வெட்டி முடிந்து கொங்கிறீற்றுப் போடுவதற்கு முன்னர். இரண்டாம் தடவை, தூண்கம்பி கட்டிப் பலகை அடிப்பதற்கு முன்னர். மூடிய பிறகு அழைத்தால் அவரும் உங்களைப்போல ஊகிக்கத்தான் முடியும்.

இந்த அறக்கட்டளையிடம் என் விண்ணப்பம் ஒன்று. இந்த ஊரில் ஒவ்வொரு ஆண்டும் பலர் அத்திவாரக் குழி வெட்டுகிறார்கள். ஒவ்வொரு குழியும் ஒரு மண் பரிசோதனை. ஆனால் அதில் கண்டதை யாரும் எழுதிவைப்பதில்லை, கொங்கிறீற்றோடு அந்த அறிவையும் மூடிவிடுகிறோம். நூலகத்தில் ஒரு பதிவேடு வையுங்கள். எந்த ஒழுங்கையில், எத்தனை அடியில் கல் தட்டியது, இடையில் என்ன மண், எந்த மாதத்தில் நீர் எவ்வளவு ஆழத்தில் நின்றது, குகையோ மூடிய குழியோ கண்டார்களா என்ற ஐந்து விவரம் போதும். யாருடைய பெயரும் வேண்டாம். மாணவர்கள் இதைத் திரட்டலாம், மேசன்மார் சொல்லலாம். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அங்குள்ள மாணவர்களுக்கு இது நல்ல ஆய்வுப் பொருள். சில ஆண்டுகளில் நீர்வேலிக்கு ஒரு மண் வரைபடம் கிடைத்துவிடும்.

அது முழுமையான பரிசோதனைக்கு ஈடாகாது என்பது உண்மை. பக்கத்து வளவில் கல் இருந்தால் நம் வளவிலும் இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எங்கே கவனமாகத் தோண்ட வேண்டும் என்பதை அது காட்டும். அடுத்த முறை யாராவது என்னிடம் "காணுமோ?" என்று கேட்கும்போது, நான்காவது கேள்விக்கு அவர்களிடம் ஒரு பதில் இருக்கும். அந்தப் பதிவேட்டின் முதற்பக்கத்தை நிரப்ப, தற்போது குழி வெட்டிக்கொண்டிருக்கும் யாராவது இந்தச் சபையில் இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். நாளைக் காலையில் அலவாங்கோடு வருகிறேன்.